பினாங்கு மேடையில் எட்டு நிமிடம்

காலை ஏழரை மணிக்குப் பட்டர்வொர்த் துறையில் இறங்கினோம். கோலாலம்பூரிலிருந்து முந்நூற்றெழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த அலுப்பு. பினாங்குத் தீவுக்குப் பாலம் கட்டி முடியாத காலம் அது, எண்பதுகளின் தொடக்கம். கார், லாரி, சைக்கிள், ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் இரண்டடுக்குப் படகுதான் வழி. ஆளுக்கு நாற்பது காசு. திரும்பி வரும்போது கட்டணம் இல்லை என்று வாயிலில் நின்றவர் தமிழிலேயே சொன்னார்.

நாங்கள் மூன்று பேர். பம்பை அடிக்கும் காளியண்ணன், கைச்சிலம்பு போடும் அவர் மச்சான் பழனி, நான். பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரட்டை மேளம். அம்மனை அழைக்க அடிப்பது. காளியண்ணனுக்கு ஊர் ஜேடர்பாளையம். எனக்குத் திருச்செங்கோட்டில் மைக் செட்டும், கேசட் பதிவு செய்யும் கடையும். பதினோரு வருடமாக அவர் அடிக்கும் கோயில்களுக்கெல்லாம் மைக் கட்டியவன் நான்தான்.

பினாங்கில் மளிகை வியாபாரம் செய்யும் துரைசிங்கம், முன்னோர் ஊரைப் பார்க்கப் பரமத்தி வேலூர் பக்கம் வந்தபோது ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் காளியண்ணன் அடித்ததைக் கேட்டார். பல நாட்டுக் கலைஞர்கள் கூடும் ஓர் இசை விழாவின் ஏற்பாட்டுக் குழுவில் அவரும் இருந்தார். ஆறு மாதம் கழித்து அழைப்பு வந்தது. பம்பைக்கு மைக் வைக்கத் தெரிந்த ஆளும் வரட்டும் என்று என் பெயரையும் சேர்த்திருந்தார்.

படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காளியண்ணன் கடலைப் பார்த்தார்.

"அணையில தேக்கி வெச்ச தண்ணியாட்டவே கெடக்குதுங்க சாமி. அலையே காணோம்."

"தீவு மறைக்குதுங்கண்ணா. அந்தப் பக்கம் அலை இருக்குமாட்ட."

"இருக்கட்டுமுங்க. இதே போதும்."

பத்து மணிக்கு விழாத் திடலுக்குப் போனோம். கடலை ஒட்டிய புல்வெளி, அதன் ஓரத்தில் மேடை. வாசலில் எல்லாருக்கும் வெள்ளை அட்டை கொடுத்தார்கள், எனக்கு மட்டும் மஞ்சள் அட்டை. மேடைக்குப் பின்னாலும், ஒலிக் கருவிகள் இருக்கும் கூடாரத்துக்குள்ளும் போக அந்த அட்டை வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொண்டதும் நடையே மாறிவிட்டது. கூடாரத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு கருவி. இருபத்து நான்கு மைக்குகளின் ஒலியை அதில் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். என் கடையில் இருந்ததோ நான்கு மைக் செருகும் ஆம்ப்ளிஃபயர். அந்தப் பெரிய கருவியை இயக்கிய சீனர் லிம்முக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. கைகளாலேயே பேசிக்கொண்டோம். பம்பையின் வலப்பக்கத் தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கைச் சாய்த்து வைக்கலாம் என்று நான் காட்டியதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டு என் முதுகில் தட்டினார். அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது.

மதியம் கடல் ஈரத்தில் பம்பையின் தோல் தளர்ந்துவிட்டது. காளியண்ணன் மேடைக்குப் பின்புறம் வெயிலில் வைத்து, அருகிலேயே குந்தி, நிழல் நகர நகர மேளத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் கூடாரத்தில் இருந்தேன்.

மாலை நான்கு மணிக்குத் துரைசிங்கம் ஒரு தாளோடு வந்தார்.

"முன்னால ரெண்டு குழு நேரத்தை இழுத்துட்டாங்க. உங்க குழுவுக்கு இருபத்தஞ்சு நிமிசம் போட்டிருந்தேன். எட்டுல முடிக்க முடியுமா? முடியாதுன்னா சொல்லுங்க, வேற குழுவைக் கேட்டுப் பார்க்கிறேன். உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். காளியண்ணன் முதல் ஆறேழு நிமிடம் ஊர் ஊராகப் பெயர் சொல்லி அம்மனை அழைப்பார். அடி ஏறுவதே அதற்கு அப்புறம்தான். எட்டு நிமிடம் என்பது ஆளைக் கூப்பிட்டுவிட்டு, வருவதற்குள் கதவைச் சாத்துவது. ஆனால் கடைசியாக வாசிக்கும் பெரிய குழுவுக்கு என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வதாக லிம் சைகை காட்டியிருந்தார். தொந்தரவு பிடித்த ஆள் என்று அந்தக் கூடாரத்தில் பெயரெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"முடிக்கலாமுங்க" என்றேன்.

காளியண்ணனிடம் எட்டு நிமிடம் என்று சொல்லவில்லை. "கொஞ்சம் சுருக்கமா அடிங்கண்ணா" என்றேன். "செரிங்க சாமி" என்றார். அவர் கணக்கில் சுருக்கம் என்றால் அரைமணி நேரம்.

ஆறே கால் மணிக்கு அவர்கள் மேடையேறினார்கள். எங்கள் மேளம் என்பதால் லிம் எழுந்து இடத்தை எனக்குக் கொடுத்தார். ஒலி அருமையாக வந்தது. புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். காளியண்ணன் கண்ணை மூடி அழைத்துக்கொண்டே போனார். ஏழாவது நிமிடத்தில் அடி ஏறத் தொடங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்று கைகூப்பினாள். அப்போது லிம் என் தோளைத் தொட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். நான் விரலால் பம்பை மைக்கின் ஒலிக் குமிழைக் கீழே இழுத்தேன். மெதுவாக, தொழில் தெரிந்தவன் இழுப்பது போல.

திடல் முழுக்க இருந்த மேளம், மேடையில் யாரோ பெட்டியைத் தட்டுவது போலச் சிறுத்தது. காளியண்ணன் ஒரு நிமிடம் அப்படியே அடித்தார். பிறகு கண் திறந்தார். ஒரு பெண் வந்து பணிவாகக் கையைக் காட்டி அவர்களை இறங்கச் சொன்னாள். கைதட்டினார்கள்.

பின்புறம் ஓடினேன். காளியண்ணனும் பழனியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க சாமி, கரண்ட் போயிருச்சுங்களா?"

"ஆமாங்கண்ணா" என்றேன்.

மறுநாள் காலை துரைசிங்கம் வீட்டில் இட்லி சாப்பிட வந்த உள்ளூர்த் தமிழர்கள், ஏன் பாதியில் நின்றது என்று கேட்டார்கள். நான் தட்டைப் பார்த்தேன். காளியண்ணன்தான் பதில் சொன்னார். "கரண்ட் போயிருச்சுங்க. இவரு என்ன பண்ணுவாருங்க, பாவம்." துரைசிங்கம் என்னைப் பார்த்தார். சென்னை வரைக்கும், அங்கிருந்து சேலம் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடமும், காளியண்ணன் அதையே சொன்னார்.

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. பழனி டீ வாங்கப் போனான். பெஞ்சில் நாங்கள் இருவர். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, கரண்ட் போகலீங்க. நாந்தான் சத்தத்தை எறக்குனேன். எட்டு நிமிசம்னு ஒத்துக்கிட்டதும் நாந்தானுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுமுங்க. மேடையில லைட்டெல்லாம் எரிஞ்சுட்டுத்தானுங்களே இருந்துது."

"அப்புறம் ஏனுங்க எல்லார்த்துகிட்டயும் கரண்டுன்னு சொன்னீங்க?"

"நீங்க அப்படித்தானுங்க சொன்னீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். டீ வந்தது, குடித்தோம். "வாரேனுங்க" என்று பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.

அவர் என்னை விட்டுவிடவில்லை. அடுத்த மாசி நோம்பிக்கும் மைக் கட்ட வரச்சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். கடலும் புல்வெளியும் இல்லை, கோயில் முன்னால் கூட்டமும் புழுதியும்தான். அங்கே எந்தப் பம்பைக்காரருக்கும் யாரும் கடிகாரம் காட்டுவதில்லை, அவராக நிறுத்தினால்தான் உண்டு. மைக்கைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன். காளியண்ணன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்திருந்தார்.

"எவ்வளவு நேரமுங்க சாமி?" என்றார். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை.