சாட்சி இல்லாத பல்

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், போர்ட் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் படிவம் ஆறு வரை, அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு வரை, போன முதல் ஆள் நான். கிளினிக்குக்கோ ஆபீசுக்கோ போக வேண்டுமென்றால், ஆங்கிலம் பேச என்னைத்தான் கூட்டிப்போவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

அந்த வருடம் என் அக்காவுக்கு நான்காவது மாதத்தில் கரு கலைந்தது. அதற்குச் சற்று முன்தான் அவள் கடைவாய்ப் பல்லுக்கு வெள்ளி வைத்து அடைத்திருந்தார்கள். நாங்கள் எல்லாரும் அதை வெள்ளி என்றுதான் சொல்வோம். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு ஆன்டி, அதில் பாதி பாதரசமாம், பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்காவின் மாமியாருக்கு அதே பேச்சு.

"பல்லு வலிய பொறுக்க முடியல. புள்ளைய பறிகொடுக்க மட்டும் முடிஞ்சிச்சி" என்பார், அடுப்பைப் பார்த்தபடி, அக்காவின் காதில் விழும்படி.

அக்கா சூடாகக் காப்பி குடிப்பதை விட்டாள். ஒரு பக்கமாகவே மென்றாள்.

"நீ படிச்சவ லா. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு, என்னாலயா இல்லையான்னு. அது தெரிஞ்சா போதும்" என்றாள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு சீனப் பல் மருத்துவரிடம் பஸ் ஏறிப் போனோம். அவர் அவசரப்படாமல் விளக்கினார். மெல்லும்போதும் சூடாகக் குடிக்கும்போதும் அடைப்பிலிருந்து மிகக் கொஞ்சமாகப் பாதரச ஆவி வரும். கர்ப்பக் காலத்தில் யாருக்கும் அவர் அதை வைப்பதில்லையாம். ஆனால் அதனால் கரு கலையும் என்பதற்கு "நோ எவிடன்ஸ்" என்றார். இப்போது தோண்டினால்தான் ஆவி அதிகம் வரும், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார்.

நான் அக்காவிடம் திரும்பினேன். "அதனாலதான்னு சொல்ல சாட்சி இல்லையாம்க்கா."

அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வயித்துக்குள்ள நடந்ததுக்கு யாரு சாட்சி நிப்பா?"

அந்த அர்த்தமில்லை என்றேன். ஆதாரம் என்றேன், நிரூபணம் என்றேன், மலாயில் 'புக்தி' என்றுகூடச் சொன்னேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் போலீஸ், கோர்ட் வாடைதான் அடித்தது. மருத்துவரிடமே, "இல்லவே இல்லை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். ஒரு தனிக் குழந்தையைப் பற்றி யாராலும் அப்படி உறுதி கொடுக்க முடியாது என்றார். அதையும் சொன்னேன். தீர்ப்பைக் கேட்டவள் போல அக்கா தலையாட்டினாள்.

கொஞ்ச நாளில், எங்களிடம் சொல்லாமல், கிள்ளானில் வேறொரு கிளினிக்கில் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மாமியார் அதன் பிறகும் நிறுத்தவில்லை.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு 'இல்லை'. பொய் சொல்லத் தெரியாத மருத்துவரிடம் அது இல்லை. ஆங்கிலம் தெரிந்த என்னிடமும் இல்லை. இன்றும் யாராவது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் போகிறேன், ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர்கள் எந்தப் பதிலுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.