மோட்டாரை நிறுத்திய கதை

மாதத்துக்கு இரண்டு நாள் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய் சூப்பர்வைசர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தானாக வந்து சேர்ந்த வேலை. நன்றாகப் படித்த பிள்ளைகள்தான், ஆனால் ஷிப்ட் தொடங்கும்போது ஐம்பது பேர் முன்னால் நின்று நாலு வார்த்தை சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று. எடுத்த எடுப்பில் அறிவுரை சொல்லாதீர்கள், ஒரு கதையில் ஆரம்பியுங்கள், அதுவும் உங்கள் வீட்டில் நடந்த கதையாக இருக்கட்டும் என்பேன். இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் மேடம் என்று எவராவது கேட்டால், எல்லாம் அனுபவம்தான் தம்பி என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். கற்றுக்கொள்ளவில்லையப்பா, திருடினேன் என்று அந்த வகுப்பில் எப்படிச் சொல்வது?

அப்போது எனக்குப் பதினோரு வயது. பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும், புதிதாகப் போட்ட மின்சார மோட்டாரும் இருந்தன. அப்பாவுக்குப் பயிரைவிட மேடைப்பேச்சின் மேல்தான் ஆசை அதிகம். ஸ்ரீபெரும்புதூரில் எந்தக் கட்சிக் கூட்டம் போட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் வரப்பில் நின்று, கேட்டதையெல்லாம் நெல்லுக்குப் பேசிக் காட்டுவார். தனக்குக் கிடைக்காத மேடையை மகளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, பள்ளி ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்கு ஒவ்வொரு வருடமும் அவரே எழுதித் தருவார். "அவைத் தலைவர் அவர்களே, அறிவிற் சிறந்த ஆசிரியப் பெருமக்களே" என்று அது தொடங்கும். முடிவதற்குள் கடல் பொங்கும், எரிமலை வெடிக்கும், கல்வி எனும் கலங்கரை விளக்கம் இரண்டு முறை ஒளி வீசும். நான் கடலையும் பார்த்ததில்லை, கலங்கரை விளக்கத்தையும் பார்த்ததில்லை.

பயிற்சி நடக்கும் இடம் பம்புசெட். நீர்த்தொட்டியின் விளிம்பில் என்னை ஏற்றி நிற்க வைத்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, அப்பா மண்வெட்டியோடு கடைசி வரப்புக்குப் போய்விடுவார். மோட்டார் இரைச்சலுக்கு மேல் என் குரல் அங்கே கேட்க வேண்டும். கேட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அந்தத் துண்டு மேலே எழும்பும்போது எனக்கு உலகத்தையே ஜெயித்தாற்போல இருக்கும். மூன்று வருடம் தொடர்ந்து எனக்குத்தான் முதல் பரிசு. வீட்டில் மூன்று சோப்பு டப்பாக்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் சோப்பு வைத்ததில்லை.

நான்காவது வருடம் அத்தை மகள் வந்து சேர்ந்தாள்.

அவள் சேரப்பணஞ்சேரிக்காரி. அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை, இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு சேர்ந்து போய்விட்டாள். அத்தையின் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தப் பெண்ணை ஒரு துணிமூட்டையோடு சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னைவிட ஆறு மாதம் சின்னவள், என் வகுப்பிலேயே சேர்ந்தாள். கணக்கு வராது, பாட்டு வராது. வாய் மட்டும் வரும். கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க அனுப்பினால் போகும்போது ஒரு கதை, வரும்போது ஒரு கதை. நான் போய் வந்தால் மண்ணெண்ணெய் மட்டும்தான் வரும். அவள் போய் வந்தால் கடைக்காரன் தும்மியதும், அதில் அவன் காதில் செருகியிருந்த பென்சில் பருப்பு மூட்டையில் விழுந்ததும், அதை அவன் இன்னும் தேடிக்கொண்டிருப்பதும் கூடவே வரும். அப்பா சோற்றில் கை வைத்தபடியே கேட்டுச் சிரிப்பார். அதே கடைக்காரனை நானும்தான் பார்த்தேன். என் கண்ணுக்கு அவன் ஏன் தும்மவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொள்ளக் கூடாதா என்று மாரியம்மனிடம் மனதாரவே வேண்டியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தை போன பிறகு அப்பா அவள் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு யாராவது பேச்செடுத்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவார். அதனால் எங்கள் வீட்டில் ஒருவரும் பேச்செடுக்க மாட்டோம், அவள் மகள் உட்பட.

அந்த வருடப் போட்டிக்குத் தலைப்பு, எழுத்தறிவின் தேவை. பள்ளியில் அவள் பேரையும் எழுதிக்கொண்டார்கள். வழக்கம்போல நான் தொட்டி விளிம்பில் ஏறிக் கடலைப் பொங்க வைத்தேன். துண்டு எழும்பியது. பிறகு, நீயும் பேசிப் பாரேன் என்று அவளை ஏறச் சொன்னேன். அவளுக்குக் கீச்சுக்குரல், மோட்டாருக்கு முன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். அதற்காகவேதான் ஏறச் சொன்னேன்.

அவள் கத்தவே இல்லை. என்னிடம் பேசுவதுபோலவே ஆரம்பித்தாள். "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ் வந்தா பக்கத்துல கீறவங்கள கேட்டுத்தான் ஏறும்."

ஆடி மாதம் எங்கள் ஊரில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அம்மாவும் மகளும் வந்த கதை அது. ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், கக்கத்தில் மடித்த செய்தித்தாள். படித்த மனுஷன் என்று நம்பி, இது ஸ்ரீபெரும்புதூர் போகுமா என்று அத்தை கேட்கிறாள். அவர் போர்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதாம்மா, ஏறு" என்று சொல்லித் தானும் ஏறுகிறார். கண்டக்டர் டிக்கெட் போட வந்தபோதுதான் பஸ் வாலாஜாபாத் போவது தெரிகிறது. விசில் ஊதி மூன்று பேரையும் நடு ரோட்டில் இறக்கிவிடுகிறான். படித்துப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று அத்தை சண்டைக்குப் போக, பெரியவர் செய்தித்தாளைப் பிரிக்கிறார். உள்ளே கருவாடு. அவருக்கும் அந்தக் காகிதத்துக்கும் அவ்வளவுதான் உறவு. அத்தை மைல் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தாளாம், எழுந்து நடக்க முடியாத அளவுக்கு.

கதை கருவாட்டுக்கு வரும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா கடைசி வரப்பில் இல்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாதி வயலைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். குரல் எட்டாமல் கிட்டே வந்தவர், பேச்சு காதில் விழுந்ததும் நேராக மோட்டார் கொட்டகைக்குள் போனார். மோட்டார் நின்றது.

பகலில் சில மணி நேரம்தான் கரண்டு வரும். அந்த நேரத்துக்குள் பாய்ச்சினால்தான் உண்டு. கை அடிபட்டு ரத்தம் சொட்டிய நாளிலும் அப்பா மோட்டாரை நிறுத்தியதில்லை. என் பேச்சுக்காக ஒருநாளும் நிறுத்தியதில்லை. இப்போது ஒரு கருவாட்டுக் கதைக்காக நிறுத்திவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முடித்தாள். "இப்ப எனக்கு போர்டு படிக்கத் தெரியும். படிச்சி சொல்லலாம்னா எங்கம்மாதான் இல்ல."

அப்பா தூணை விட்டு வந்து, "நீ இதையே பேசும்மா. எழுதிக்கிறது கூட வேணாம்" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மூன்று வாரமாக எனக்கு எழுதி, அடித்து, திருத்தி எழுதியவர் அவர். அவளுக்கு மட்டும் எழுதவே வேண்டாமாம்.

ஆண்டு விழா மாசி மாதத்தில் வந்தது. பள்ளி வாசலில் பந்தல் போட்டு, புளிய மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவராக வெளியூரிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். சீட்டு எடுத்ததில் எனக்கு இரண்டாவது, அவளுக்கு மூன்றாவது. மேடை ஏறும் வரைக்கும் நான் திருட நினைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஏறி நின்று பார்த்தபோது அப்பாவின் கண் என் மேல் இல்லை, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அவள் மேல் இருந்தது. அவைத் தலைவர் அவர்களே என்று திறக்க வேண்டிய வாய், "என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது" என்று திறந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. என் அம்மா எட்டாவது படித்தவள். எங்கள் தெருவுக்கு வரும் கடுதாசி அத்தனையையும் படித்துச் சொல்வது அவள்தான். அப்படிப்பட்டவள் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்து, தனக்கு போர்டு படிக்கத் தெரியாமல் போன செய்தியை மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, போன வாரம் எங்க வூட்டு லெட்டர இன்னாத்த படிச்ச நீ?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. பெண்கள் பக்கம் சிரிப்பு அலை அலையாகப் போனது. நடுவர்கள் அது கருவாட்டுக்கான சிரிப்பு என்று எண்ணி அவர்களும் சிரித்தார்கள்.

பேச்சின் முடிவுக்கு வந்தபோதுதான் திருதிருவென்று விழித்தேன். எங்கம்மாதான் இல்லை என்று முடிக்க முடியாது. எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் கையில் கிடைத்ததை வைத்து முடித்தேன். இப்போதெல்லாம் பஸ் வந்தால் நான்தான் போர்டைப் படித்துச் சொல்கிறேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊர் வரும் வரைக்கும் ஒவ்வொரு பலகையாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வருகிறாள் என்றேன். கைதட்டல் பலமாக இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தான் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டேன் என்ற கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து அவள் ஏறினாள். மைக்கைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள். காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று பந்தல் காலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவள் வாயைத் திறந்து, "அவைத் தலைவர் அவர்களே, அறிவிற் சிறந்த ஆசிரியப் பெருமக்களே" என்றாள். மூன்று வாரம் பம்புசெட்டில் நான் கத்தியது முழுவதும், கடல், எரிமலை, கலங்கரை விளக்கம் எல்லாம், ஒரு சொல் பிசகாமல் வந்தது. கை நீட்ட வேண்டிய இடத்தில் கை நீட்டினாள். கூட்டம் கொட்டாவி விட்டது.

முதல் பரிசு எனக்கு, இந்தத் தடவை எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஒரு பெண் தன் வாழ்க்கையைப் பேசினாள், மற்றவர்கள் மனப்பாடம் ஒப்பித்தார்கள் என்று நடுவர் பாராட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா டிபன் பாக்ஸைப் பிடுங்கி மிளகாய்த்தூள் கொட்டி வைத்தாள். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

மறுநாள் காலை, பனி விலகாத நேரத்தில், அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு நானும் அவளும் பம்புசெட்டுக்குப் போனோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கடைசி வரப்பில் இருந்தார். வழி முழுக்க வாய் திறக்காதவள், தொட்டி அருகே வந்ததும் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், நேத்து கடைசியா ஒண்ணு சொன்னியே, இன்னொரு தபா சொல்லேன்."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். திருடியவளைத் திருடியதையே மறுபடி எடுத்துக் காட்டச் சொல்கிறாள், எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன். மோட்டார் சத்தத்தில் காது கேட்காதவள் போல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கேட்கவில்லை என்றே அவள் நம்பிவிட்டாள். தொட்டி விளிம்பில் ஏறி நின்று, அந்தக் கீச்சுக்குரலை முடிந்த மட்டும் உயர்த்திக் கத்தினாள். "கடைசிய மட்டும் சொல்லுடி! நீ போர்டு படிச்சி சொல்றே, அம்மா கையப் புடிச்சிகினு ஏறுது இல்ல, அத மட்டும்!"

கடைசி வரப்பில் அப்பா நிமிர்ந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். அவள் குரலும் எட்டிவிட்டது, அவளுக்கும் துண்டைத் தூக்கிக் காட்டப் போகிறார், எனக்கென்று இருந்த அது ஒன்றும் போயிற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அவர் அதைத் தூக்கவில்லை. முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, வரப்பிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. முகம் துடைக்கத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பனியில் அவருக்கு எதற்கு வியர்த்தது என்று யோசிக்கவில்லை. அவள் கேட்டதை நான் கடைசி வரை சொல்லவும் இல்லை.