ஸ்விட்ச்டு ஆஃப்

காலைல 5.50க்கு குரூப்ல நியூஸ் வந்துச்சு, கம்பெனி பஸ் பிரேக்டவுன்.

குன்றத்தூர் ஸ்டாப்ல நானும் ஃபேக்டரில எங்க லைன்ல புதுசா சேர்ந்த ஜான்சியும் மட்டும்தான். அவங்க வேற வேலை இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ் படிச்சுக்கினு இருந்தாங்க.

"சார், 'கேட் இஸ் க்ளோஸ்டு'ன்னா யாரோ மூடுறாங்களா, இல்ல சும்மா மூடிக்கினு கீதா?"

"ரெண்டும் வரும்மா. யார் செஞ்சாங்கன்னு சொன்னா செயல், சொல்லலன்னா நிலைமை."

"பிரியல சார். எக்ஸாம்பிள்?"

ரேவதி நம்பரை ஸ்பீக்கர்ல போட்டேன். என் ஒய்ஃப். தவறி மூணு மாசம் ஆச்சு. ஜான்சிக்குத் தெரியாது.

இங்கிலீஷ்ல, "இஸ் ஸ்விட்ச்டு ஆஃப்." அப்புறம் தமிழ்ல, "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது."

ஜான்சி குதிச்சாங்க. "அய்ய சார்! இங்கிலீஷ்ல சும்மா ஆஃபா கீது. தமிழ்ல யாரோ ஆஃப் பண்ணி கீறாங்க!"

நான் தினமும் கூப்பிட்டுக் கேக்குற குரல்தான். ஆஸ்பத்திரில அந்த போனை ஆஃப் பண்ணது நான். தினமும் என்னைப் பத்திதான் சொல்லிட்டு இருந்திருக்கு.

"அப்ப ஆஃப் பண்ணவங்களே ஆன் பண்லாம்ல சார்?"

வீட்டுக்கு வந்ததும் ஆன் பண்ணிட்டேன். வால்பேப்பர்ல நாங்க ரெண்டு பேரும் வல்லக்கோட்டை கோயில்ல நிக்கிறோம்.

இதை லேப்டாப்லதான் டைப் பண்றேன். சார்ஜர் ஒண்ணுதான் இருக்கு, அது இப்ப அவ போன்ல இருக்கு. என் போன் ஸ்விட்ச்டு ஆஃப். செயலா நிலைமையான்னு கமெண்ட்ல நீங்களே சொல்லுங்க.