திசு வாழைக் கணக்கு

டெஸ்ட் டியூப் குழந்தை என்றால் திசு வாழை மாதிரி என்று நான் மனதார நம்பியிருந்தேன். வாழை போட்டுப் பிழைக்கிறவன் புத்தி வேறு எங்கே போகும்? மார்க்கையன்கோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வரும் கன்றுகள் ஆய்வகத்துப் பாட்டிலில் முளைத்து, நிழல்வலைக்குள் கொஞ்ச காலம் பழகி, அப்புறம்தான் வெயிலுக்கு வரும். நட்டால் எல்லாம் ஒரே உயரம், ஒரே சமயத்தில் குலை. கல்யாணமாகிப் பல வருசம் கழித்து, சிகிச்சை எடுத்து மகள் பிறந்தபோது, இவளும் அந்த ரகம்தான், எல்லாமே சொன்ன நாளுக்கு நடக்கும் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நடந்தாள். பேசவில்லை.

இரண்டு வயது முடிந்தும் ‘அம்மா’ இல்லை, ‘அப்பா’ இல்லை. டீக்கடையில் கூட்டாளி ஒருத்தன், “ஏலே, நீ வாய மூடுனாத்தானே அது பேசும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் செல்போனைப் பிடித்துக்கொண்டேன். வீடியோவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளை மந்தமாகும் என்றார். இன்னொரு கோட்டு, அதெல்லாம் சும்மா என்றது. எனக்கு முதல் கோட்டைத்தான் பிடித்துப்போனது. எங்கள் கருவைக் கொஞ்ச காலம் உறைய வைத்து, அப்புறம்தான் வயிற்றில் வைத்தார்கள் என்பது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழம் என்ன ஆகும்? கறுத்துப்போகும். முடிந்தது கதை.

வல்லாரைத் துவையல் அரைக்கச் சொல்லி ஊட்டினேன். அவள் என் சட்டையில் துப்பினாள். மிச்சத்தை நானே தின்றேன். எனக்கும் புத்தி ஏறவில்லை. குரங்கு மாதிரி மூஞ்சியை வைத்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். மூளை இல்லாமலா சிரிக்கிறாள் என்று ஒரு மணி நேரம் தெம்பாக இருப்பேன். அப்புறம் தோட்டத்துக்குப் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுவேன். தண்ணீர் தேவையில்லாத அன்றைக்கும் மோட்டார் ஓடியது.

ஒருநாள் அந்த ஃப்ரிட்ஜ் சங்கதியை மனைவியிடம் சொல்லிவிட்டேன். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

“அங்கன கெடந்தது கொஞ்ச நாளு. மிச்சமெல்லாம் என் வயித்துலதான் கெடந்தா. வயித்தத்தான் குத்தம் சொல்றீகன்னா நேராச் சொல்லுங்க.”

இல்லை இல்லை என்று உளறினேன். அவள் மகளின் வாயைத் துடைத்துவிட்டு, “அம்புட்டு ஊசி போட்டேனே, அந்த மருந்துதான் இவள இப்புடி ஆக்கிருச்சோன்னு தெனமும் நெனைக்கிறேன். ஒங்ககிட்ட சொன்னா அதையும் சிரிப்பாக்கிருவீகன்னு சொல்லல” என்றாள்.

மறுநாளே தேனியில் குழந்தை டாக்டரிடம் போனோம்.

அந்த டாக்டரம்மாவிடம் பாட்டில், ஃப்ரிட்ஜ், கறுத்த பழம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று மட்டும் கேட்டார். என்னைப் பார்த்தாலே சிரிப்பாள் என்றேன்.

“பாக்காதப்ப? பின்னாடி போய் நின்னு கூப்பிடுங்க.”

மகள் மேசையில் பேனா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். உரக்கக் கூப்பிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி குரங்கு மாதிரிக் கத்தினேன். அவள் மூடியை உருட்டிக்கொண்டே இருந்தாள். மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மதுரையில் பரிசோதனை எல்லாம் முடித்தோம். சிகிச்சையைக் காரணம் சொல்ல முடியாது, இது எந்தக் குழந்தைக்கும் வரக்கூடியது என்றார்கள். மகளின் மூளைக்கு ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை.