கூரைக்கு இரண்டு சரிவு

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் குமரேசன் வந்திருந்தான். கையில் தடிமனான ஒரு வண்ணப் புத்தகம். புக்கிட் செலம்பாவில் புது வீடு கட்டுகிறான். எக்ஸ்டீரியர் டிசைன் பற்றி அத்தையின் அபிப்பிராயம் வேண்டுமாம்.

அபிப்பிராயம் கேட்க யார் வருகிறார்கள்? பாராட்டு வாங்கத்தான் வருகிறார்கள். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷமாக வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்?

புத்தகத்தைப் புரட்டினேன். எல்லாம் சாய்கூரை வீடுகள். ஒரு கூரைக்கு மேல் ஒரு குட்டிக் கூரை. அந்தக் குட்டிக்கு மேல் இன்னொரு குட்டி. சரிவில் ஒரு ஜன்னல்... அந்த ஜன்னலுக்குப் பின்னால் அறை கிடையாது. வாசலில் கல் பதித்த இரண்டு பெரிய தூண்கள். அவை எதையும் தாங்கவில்லை. சும்மா நிற்கின்றன.

"இந்த ஜன்னல் எதுக்குடா?" என்றேன்.

"வெளிய இருந்து பாக்க அழகா இருக்கும் அத்த."

"உள்ள இருந்து?"

"உள்ள இருந்து தெரியாது லா."

பிறகுதான் முக்கியமான சங்கதியைச் சொன்னான். கூரையின் முன்பக்கச் சரிவுக்கு நீல ஓடு. பின்பக்கச் சரிவுக்குப் பழைய வீட்டில் கழற்றிய தகரம். கான்ட்ராக்டர் கொடுத்த யோசனையாம். மிச்சமாகும் காசில் வாசலில் இன்னொரு தூண் வைக்கலாமாம்.

"ஏன்டா, பின்பக்கம் மழை பெய்யாதா?"

"பின்னால யாரு அத்த பாக்கப் போறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வி முன்பும் என் காதில் விழுந்திருக்கிறது, சப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில். கூரையில்லாத ஓர் அறையில் மழையில் நனைந்துவிட்டு, ஆப்பீசில் போய் நின்றபோது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். அவருடைய நாற்காலியில் ஆப்பீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி உட்கார்ந்துகொண்டார். நாற்காலி அவருக்குக் கொஞ்சம் பெரிது. அதனால் குரலைப் பெரிதாக்கிக்கொண்டார்.

பால்மரங்கள் சும்மா நின்றன. ரப்பரை யார் வாங்குகிறார்கள்? அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி மரவள்ளி நட்டு, அந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிரோடு இருந்தோம். உடுத்தத் துணி இல்லாமல் கோணிச்சாக்கைக் கிழித்துத் தைத்த காலம் அது.

எங்கள் லயம் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை அறைகள். நடுவில் ஒரே சுவர். மேலே ஒரே தகரக் கூரை, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். முன்வரிசை சடக்கைப் பார்த்து இருந்தது. கார், லாரி, மனிதர்கள் எல்லாம் அந்தச் சடக்கில்தான் போவார்கள். பின்வரிசை சாக்கடையையும் கக்கூஸையும் பார்த்து இருந்தது. நாங்கள் பின்வரிசை. எங்கள் பக்கத்து அறையில் செங்கமலம் அக்காவும் அவள் புருஷன் காத்தமுத்து அண்ணனும் இருந்தார்கள்.

ஒருநாள் செய்தி வந்தது. சப்பான் ஆப்பீசர் ஒருவர் தோட்டங்களைப் பார்வையிட வருகிறாராம். காரில் வருவார், சடக்கிலிருந்து பார்ப்பார், போவார்.

கிராணிக்கு ஜுரமே வந்துவிட்டது. ஆனால் பாருங்கள், ஜனங்கள் பசியில் இருக்கிறார்கள், ஆப்பீசர் கேட்டால் என்ன சொல்வது என்ற ஜுரம் இல்லை அது. லயம் பார்க்க லட்சணமாக இல்லையே என்ற ஜுரம்.

உடனே அழகுபடுத்தும் வேலை ஆரம்பமானது. முன்வரிசைச் சுவருக்குச் சுண்ணாம்பு. ரப்பர் பெட்டிப் பலகையை அறுத்து, கூரை ஓரம் முழுக்கப் பல் பல்லாக அலங்காரம். கூரை முடியும் முக்கோணச் சுவரில் சப்பான் கொடியில் இருப்பது மாதிரி பெரிய சிவப்பு வட்டம், ஆப்பீசர் மனம் குளிரட்டும் என்று. ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளில் பூச்செடி நட்டு வாசலெங்கும் தொங்கவிட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முன்பக்கம் நின்ற மரவள்ளியைப் பிடுங்கச் சொன்னார். கிழங்கு இன்னும் விரல் பருமன்கூட வரவில்லை. அந்த இடத்தில் செம்பருத்தி நட்டார். சோற்றுக்கு இல்லாதவன் வாசலில் செம்பருத்தி! எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ.

அடுத்தது கூரை. முன்பக்கச் சரிவில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகக் கிடந்தது. புதுத் தகரம் எங்கே போய் வாங்குவது? ஓர் ஆணிகூடக் கிடைக்காது. கிராணி யோசித்தார். அவருக்கு யோசனை வந்தாலே எங்களுக்கு நஷ்டம்தான்.

மறுநாள் வேலை வாங்கும் தண்டலும் ஆட்களும் எங்கள் பக்கம் ஏறினார்கள். பின்பக்கச் சரிவிலிருந்த நல்ல தகரங்களைக் கழற்றி, முன்பக்கத்தில் வைத்து அடித்து, ஸ்டோரில் மிச்சமிருந்த சிவப்புச் சாயத்தைப் பூசினார்கள். எங்களுக்கு அத்தாப்பு ஓலை வரும் என்றார்கள். வரும் வரைக்கும் லாலாங் புல்லை வெட்டிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

ஓலை வரவில்லை. மழை வந்தது.

காத்தமுத்து அண்ணனுக்கு அப்போது மலேரியாக் காய்ச்சல். கொய்னா மாத்திரை கிடையாது. ஆள் நடுங்குகிற நடுக்கத்தில் பலகைக் கட்டில் சத்தம் போடும். புல் வழியாகத் தண்ணீர் நேராக அவர் மேல் ஊற்றியது. செங்கமலம் அக்கா கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துப் பார்த்தாள். எல்லா மூலையிலும் மழை. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் நனைந்தால் ஆள் தாங்கமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் ஆப்பீசுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"ஐயா, ஒரே ஒரு தகரத்த மட்டும் திருப்பிக் குடுங்க. அவரு படுக்கிற எடத்துக்கு மேல போட்டுக்கிறோம்."

கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பின்னால யாரும்மா பாக்கப் போறா?"

"பாக்கறதுக்கு இல்லீங்க ஐயா. நனையாம இருக்கறதுக்கு."

"ஆப்பீசர் வந்துட்டுப் போகட்டும். அப்பறம் பாக்கலாம்."

திரும்பி வரும்போது அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நான் வழியெல்லாம் கிராணியைத் திட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

முன்வரிசையின் நடுவில் ஓர் அறை காலியாக இருந்தது. அதில் இருந்தவனைச் சயாம் ரயில் பாதை போடச் சப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி அழுது ஓய்ந்து, செர்டாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அறையைத்தான் கிராணி மாதிரி வீடாக்கியிருந்தார். ஜன்னலுக்குத் திரைச்சீலை, தரையில் புதுப் பாய். யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. வீடு என்றால் பார்ப்பதற்கு என்று முடிவு செய்துவிட்ட மனிதர்!

ஆப்பீசர் வருகிற நாள் காலை. கிராணி கோட்டுப் போட்டுக்கொண்டு, தண்டலோடு மேற்பார்வைக்கு வந்தார். மாதிரி வீட்டுக்குள்ளிருந்து புகை வந்தது.

உள்ளே அடுப்பு எரிந்தது. புதுப் பாயில் காத்தமுத்து அண்ணன் கோணிச்சாக்கைப் போர்த்துக்கொண்டு தூங்கினார். திரைச்சீலைக் கம்பியில் செங்கமலம் அக்காவின் ஈரத்துணி தொங்கியது. நாங்கள் பின்வரிசைப் பெண்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டோம்.

"யாரக் கேட்டு உள்ள வந்தே?" என்றார் கிராணி.

"யாரயும் கேக்கலீங்க ஐயா. எங்க கூரை இங்க வந்துருச்சு. நாங்களும் வந்துட்டோம்."

"எது உங்க கூரை?"

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். வெளியே சிவப்புச் சாயம் பூசியிருந்தார்களே தவிர, உள்பக்கத்தை யார் பூசினார்கள்? ஒரு தகரத்தில் ஆணி ஓட்டைகளை அடைத்துக் கறுப்பாகத் தார் அப்பியிருந்தது. "எங்க வீட்டுக்காரரு பூசின தாருங்க அது. தண்டலுக்கே தெரியும்."

தண்டல் தலையைக் குனிந்துகொண்டான்.

"தூக்கி வெளிய போடுங்கடா" என்று கிராணி கத்தி முடிக்கவில்லை, சடக்கில் கார் சத்தம். சத்தம் வந்ததும் மனிதரின் முதுகு தானாகவே வளைந்துவிட்டது. நாங்களும் குனிந்தோம். குனியாவிட்டால் கன்னத்தில் அறை விழும்.

காரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுப் போவார் என்றுதானே கணக்கு? ஆப்பீசர் இறங்கிவிட்டார். செம்பருத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு வட்டத்தையும்தான். புகை வந்த அறைக்கு நேராகப் போனார். உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், படுத்திருப்பவன் நோயாளியா என்று மலாயில் கேட்டார். "ஓராங் சாக்கித்?"

கிராணிக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நேரத்தில் அவர் சொன்ன பதிலை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆமாம் துவான், நோயாளிதான், நோய்ப்பட்ட தொழிலாளிகளுக்காகவே நான் இந்த அறையை ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றார். கையைக் கட்டிக்கொண்டு, கண் கலங்காத குறையாக.

ஆப்பீசர் தலையை ஆட்டினார். "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். மறுபடி வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவ்வளவுதான். மறுபடி எப்போது வருவார்? யாருக்குத் தெரியும்? நாளைக்கே வந்து நோயாளி எங்கே என்று கேட்டால்? செங்கமலம் அக்காவை இனி யாராலும் அசைக்க முடியாது. கிராணி என்ன செய்தார் தெரியுமா? நோயாளிகளுக்கு அறை ஒதுக்கிய தன் கருணையைப் பற்றிப் பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகளிடம் பெருமையடித்துக்கொண்டார். வெட்கமே இல்லாமல்!

காத்தமுத்து அண்ணன் பிழைத்துக்கொண்டார். மருந்து ஒன்றும் இல்லை. ஈரமில்லாத தரை, அது போதுமாக இருந்தது. முன்பக்க அழகெல்லாம் சேர்ந்து செய்யாததை அந்தத் தார் அப்பிய ஒற்றைத் தகரம் செய்தது.

சாய்கூரை வீட்டுக்கு எந்த டிசைன் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். கூரைக்கு இரண்டு சரிவு. மழை இரண்டிலும் பெய்யும். மனிதர்கள் இரண்டின் கீழும் படுப்பார்கள். மீதியெல்லாம் சாயம்.

ஆனால் அன்றைய கதை அதோடு முடியவில்லை. ஆப்பீசரின் கார் மறைந்ததும், பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் பாய், சட்டி, குழந்தைகளோடு முன்பக்கம் வந்துவிட்டோம். ஒவ்வோர் அறையாக நுழைந்து, தலையைத் தூக்கி, அவரவர் தகரத்தைத் தேடினோம். முன்வரிசைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் மேலே பார்த்தார்கள். பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்கள்.

எங்கள் தகரத்தை மட்டும் காணவில்லை. கிளை விழுந்து நடுவில் பள்ளமான தகரம், தப்பவே தப்பாது. நானும் என் வீட்டுக்காரரும் லயம் முழுக்கத் தேடி அலுத்து, கடைசியில் கிராணி வீட்டுப் பக்கம் போனோம். வாசலில் புதிதாக ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார். வீட்டுக்கு அது ஒரு தனிக் களைதான். அண்ணாந்து பார்த்தேன். பள்ளம்.

அதன் கீழே பாயை விரித்தோம். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த கிராணியின் மனைவி, "என்னம்மா இது?" என்றார்.

"எங்க வீடுங்க" என்றேன்.