சூசையின் மெழுகுதிரி

பாரிசில் பெப்ரவரி இரண்டாந் தேதி வந்தால் சனம் அடுப்படியை விட்டு நகராது. ஷாந்தலேர் என்று அந்தத் திருநாளுக்குப் பெயர். கிரெப் என்று மெல்லிசாக ஒரு கோதுமைத் தோசை வார்த்து, சட்டியால் மேலே எறிந்து பிடிப்பார்கள். போன கிழமை கீழ்வீட்டு மதாம் எனக்கும் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தா. திருநாள் எங்களுடையதுதான், ஆனால் தோசையாக வந்து நிற்கிறது.

எங்களுக்கு அது மெழுகுதிரித் திருநாள். குழந்தை யேசுவைக் கோவிலில் காணிக்கை கொடுத்தபோது, வயதுபோன சிமியோன் கையில் ஏந்தி, ஒளி வந்திட்டுது, இனி நான் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று சொன்ன நாள். திருகோணமலையில் தலைக்கு ஒரு திரி கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமியிடம் மந்திரித்து வருவோம். இடி முழங்கினால் மாமி தன்னுடையதைக் கொளுத்துவா. மற்றபடி அவரவர் திரி அவரவர் கடைசி மூச்சு நேரம் கொளுத்த. சண்டை நேரம் கரண்டும் மண்ணெண்ணெயும் இல்லாத மாதங்களிலும் அதுகளைத் தொடமாட்டோம். "இருட்டுக்குள்ளை சாப்பிட்டால் சோறு மூக்குக்குள்ளையே போகப்போகுது?" என்பா மாமி.

மாமியின் மகன், என் மனுசன் சூசை, நேவியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு கடல்தொழிலுக்குப் போனவர். அடுத்தநாள் அவருடைய வள்ளம் கட்டைபறிச்சான் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. வலை இருந்தது, சோற்றுப்பெட்டி இருந்தது, ஆள் இல்லை. கடல் கொண்டதா, ஆட்கள் கொண்டுபோனார்களா, இன்றுவரை தெரியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு சுவாமி வந்து கதிரையில் இருந்து மெதுவாகக் கதைத்தார்.

"அம்மா, சூசையின்ர திரியைக் கொளுத்தி, ஆத்துமத்துக்கு ஒரு பூசை வைப்பமோ?"

"ஏலாது சுவாமி. சிமியோன் கிழவனுக்குப் பாத்திட்டுப் போகக் கிடைச்சது. நான் இன்னும் பாக்கேல்லையே."

அடுத்த மெழுகுதிரித் திருநாளுக்கும் மாமி தனக்கு, எனக்கு, சூசைக்கு என்று மூன்று திரிதான் கொண்டுபோனா. பழையதோடு சூசையின் பெயரில் இரண்டு சேர்ந்துவிட்டது. நான் தம்பியிடம் பாரிசுக்கு வெளிக்கிட்டபோது ஒன்றை என் உடுப்புக்குள் சுற்றி வைத்தா. "உன்ர பக்கம் வந்தாலும் வருவான், பிள்ளை. முனை கறுக்காமல் வைச்சிரு."

அந்தத் திரிதான் அலுமாரிமேல், சூசையின் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. போன கிழமை தோசையோடு வந்த மதாமுக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்த் திரும்பினேன். அது எரிந்துகொண்டிருந்தது. மதாமின் கையில் லைட்டர்.

"வுவாலா, இந்தா! இண்டைக்குத்தானே இது எரியவேணும்," என்று சிரித்தா.

என் வாய் தானாக மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கிவிட்டது. இரண்டு சொல் போனபிறகுதான் அதைச் சூசைக்குச் சொல்கிறேன் என்று விளங்கியது. மந்திரித்த திரியை ஊதக்கூடாது. பாய்ந்துபோய் விரலால் நசித்தேன். "பயப்படாதே, வீடு தீப்பிடிக்காது," என்று மதாம் தோளைத் தட்டினா. என்னுடைய பிரெஞ்சுக்கு அதை விளங்கப்படுத்த ஏலாது. அடுத்தநாள் ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கிவந்து தந்தா. நான் திரியை மிச்சம்பிடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறா, பாவம், நல்ல மனுசி.

மாமிக்குக் கடிதம் தொடங்கி நாலு நாள். சுகம் கேட்டாயிற்று, குளிரைப்பற்றி எழுதியாயிற்று, தோசை எறிவதைக்கூட எழுதிவிட்டேன், மாமி சிரிப்பா. செபத்தில் வாய்தவறிப் போன அந்த இரண்டு சொல்லை மட்டும் எழுத ஏலாமல் கிடக்கு. அங்கே மாமியின் அலுமாரியில் சூசையின் திரி வெள்ளை முனையோடு நிற்கிறது. இங்கே அவருடைய திரி அரை விரற்கடை குறைந்து, முனை கறுத்து நிற்கிறது. பேனையைப் பிடித்தால் சுட்ட விரல் இன்னும் நோகுது.