ஸ்லாவிக் குன்று

பாயினாவும் நானும் பதினொரு வருடம் ஒரே ரயில் பெட்டியில் பணிப்பெண்களாக இருந்தோம். மாஸ்கோவில் ஏறினால் விளாதிவஸ்தோக்கில் இறங்க ஏழு நாள் ஆகும். கொதிகலனுக்குக் கரி போட வேண்டும், தேநீர் கொடுக்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும். குளிர்காலத்தில் நிலையங்களில் இறங்கி, பெட்டிக்கு அடியில் உறைந்து தொங்கும் பனிக்கட்டியைக் கடப்பாரையால் உடைக்க வேண்டும்.

நாட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூற்றுக்கணக்கான தடவை கடந்தவள் பாயினா. வழியில் எந்த ஊரிலும் நடைமேடையைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. ஆனால் பயணிகளுக்கு நாட்டைக் காட்டியது அவள்தான்.

"எழுந்திருங்கப்பா, பைக்கால் ஏரி வந்தாச்சு! இடது பக்கம் பாருங்க. மூணு மணி நேரம் கூடவே வரும், ஜன்னலுக்கு அடிச்சுக்காதீங்க!"

எந்த ஆற்றுப் பாலம் எப்போது வரும், எந்த நிலையத்தில் எந்தக் கிழவியிடம் புகைபோட்ட மீன் வாங்கலாம், எவளிடம் வாங்கினால் வயிறு கெடும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு வைகாசியில் வாதிம் என்றொருவன் ஏறினான். பயண நூல் எழுதுகிறவன். ஏழு நாளும் எங்கள் சின்ன அறையில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டான்.

"அக்கா, முதல் பக்கத்துலயே உங்க பேரைப் போடறேன்."

"போடு, போடு. அதுக்கு முன்னாடி கிளாஸைக் கழுவி வை."

தைஷெத் தாண்டியதும் வெள்ளைப் பட்டை பூர்ச்ச மரங்களுக்கு நடுவே ஒரு மொட்டைக் குன்று வரும். அங்கே மட்டும் பாயினா வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்று கையசைப்பாள். ஏன் என்று அவன் கேட்டான். என்னைத் தவிர யாருக்கும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். அவள் மகன் ஸ்லாவிக் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். தைஷெத்தில்தான் தந்தி கைக்கு வந்தது. ரயில் கிளம்பிவிட்டது. அழுதபடி நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது அந்தக் குன்று. அன்றிலிருந்து அதற்கு ஸ்லாவிக் குன்று என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

மறு வருடம் பயணிகள் அந்தப் புத்தகத்தோடு ஏற ஆரம்பித்தார்கள். அவள் பேச்சு வரிக்கு வரி இருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை. "ஆறிப்போன தேநீர் தரும் குண்டுப் பணிப்பெண்" என்று ஓரிடத்தில் வந்தது. அதற்கு அவள் சிரித்தாள். குன்றைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றது. ஸ்லாவிக் என்ற வேடன் காதலிக்காகக் காத்திருந்து உயிர்விட்ட இடமாம். கையசைத்தால் நினைத்தது நடக்கும் என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கையாம்.

தைஷெத் தாண்டியதும் பெட்டி முழுக்கக் கையசைத்தது. வோட்கா குடித்திருந்த மாணவர்கள், "ஸ்லாவிக், எனக்கு ஒரு பொண்ணு பாருடா!" என்று கத்தினார்கள். பாயினா கொதிகலன் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இரண்டு வருடம் பொறுத்தாள். பிறகு வாதிம், படம் பிடிக்கும் ஆட்களோடு எங்கள் பெட்டியிலேயே ஏறினான்.

"அக்கா! ஞாபகம் இருக்கா? அந்தக் குன்று வர்றப்போ ஜன்னலோரம் நின்னு நாலு வார்த்தை பேசுங்களேன்."

"ஏன்டா அப்படி எழுதின?"

"செத்த குழந்தை கதைன்னா ஊர் சுத்திப் பாக்கறவன் மூஞ்சியச் சுளிப்பான். காதல்னா விக்கும். கோவிச்சுக்காதீங்க, நாடு எல்லாருக்கும் சொந்தம்தானே."

"நாடு எல்லாருக்கும்தான். பையன் எனக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டு, கையில் இருந்த சூடான தேநீரை அவன் நோட்டுப் புத்தகத்தில் கொட்டினாள். கேமராக்காரன் அதையும் பிடித்தான்.

விசாரணையில் மேலதிகாரி கேட்டார்: "பயணிகிட்ட இப்படியா நடந்துக்கறது? மன்னிப்பு எழுதிக் குடுங்க, முடிச்சிரலாம்."

"மாட்டேங்க."

ரயிலிலிருந்து இறக்கினார்கள். இப்போது விளாதிவஸ்தோக் பணிமனையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறாள். ஜன்னல் இல்லாத அறை.

போன கோடையில் எனக்கு விடுப்பு கிடைத்தது.

"வாக்கா, பைக்கால் போலாம். ஒரு தடவையாவது தண்ணியில கால் நனைக்கலாம்."

"நீ போயிட்டு வாடி," என்றாள், விரிப்பின் முனையை என் கையில் கொடுத்து. "அங்கேயும் எவனாவது ஏதாவது எழுதி வச்சிருப்பான். இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது."